மூன்றேகால் இஞ்ச்

பன்னிரண்டு வருடம் குறையை மட்டுமே தேடிப் பழகிய கண்ணிடம் குறையில்லாத ஒன்றைக் கொடுத்தால், அது என்ன செய்யும்?

குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவள் செக்கிங் பிரிவில் இருந்தாள். தையல்காரிகள் வைத்த பெயர் லென்ஸ். "லென்ஸ் வர்றா, மூச்சைக்கூட நேரா விடுங்கடி" என்பார்கள். சட்டையை மேசையில் விரித்து டேப் வைப்பாள். பிசகு இருந்தால் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள். வயதுவாரியான அளவுப் பட்டியல் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். குழந்தைப் பருவத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பட்டியல்தான்.

பிரசவ விடுப்பில் வீட்டில் இருந்தாள்; மகளுக்கு நாலு மாதம். குளிப்பாட்டித் துவட்டும்போது ஏதோ நினைப்பில் டேப்பை மார்பைச் சுற்றி வைத்தாள். பதினாறே முக்கால். இருபது இருக்க வேண்டும். டேப் இழுபட்டிருக்குமோ என்று ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்தாள். டேப் சரியாகத்தான் இருந்தது.

அன்றோடு நிம்மதி போயிற்று. போதுமென்று முகம் திருப்பும் குழந்தையை மறுபடி மறுபடி மார்போடு சேர்த்தாள். அது கக்கியது. கக்கியதைப் பார்த்து இன்னும் பயந்தாள். காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் குறித்தாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் எடை போட்டுவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கா" என்றார்.

"நல்லாப் பாருங்க சிஸ்டர்."

"போன வாரமும் நல்லாத்தான் பார்த்தேன். உங்களைத்தான் யாராவது பாக்கணும். தூங்கறீங்களா இல்லையா?"

எடை மெஷின் மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். "தினம் முப்பது புள்ளைங்களை ஏத்தி இறக்கறேன். ஒண்ணொண்ணும் ஒரு தினுசு. எதையும் அளந்து ஏத்தல" என்றான்.

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

நாற்பது நாள் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க ஓவர்லாக் அக்கா வந்தாள். தொழிற்சாலையில் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருப்பவள், மூன்று பெற்றவள். கதவைச் சாத்திவிட்டு இவள் அக்காவிடம் நோட்டைக் காட்டினாள்.

"வளரல அக்கா. இன்னமும் மூணு இஞ்ச் குறையுது."

"எந்தப் பட்டியல்படி?"

"நம்ம பட்டியல்தான்."

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடியே லென்ஸு! அது சட்டையோட அளவுடி. உள்ள புள்ள போக வேணாமா? கை கால் ஆட்ட இடம் வேணாமா? நீ குறைன்னு எழுதினது பூரா காத்துக்கு விட்ட இடம்!"

எந்தத் தையல்காரிக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் அவள் மேசைக்கு வந்த எந்தச் சட்டைக்குள்ளும் குழந்தை இருந்ததில்லை.

மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அக்கா போனதும் நோட்டைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக எண்கள். கணவனிடம் கேட்டாள்: "இவ வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பிச்சது எப்போ?"

"அது ஆச்சு பத்து நாள். உன்னைப் பார்த்துத்தானே முதல்ல சிரிச்சா. நீ டேப்பைப் பார்த்துட்டிருந்தே."



அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள் என்று சொல்ல ஆதாரமில்லை. விடுப்பு முடிந்து அதே மேசைக்குத்தான் போனாள். அம்புகளும் குறையவில்லை. குழந்தை தும்மினால் முதலில் பதறுகிறவளும் அவள்தான்.

மகளுக்கு ஒரு வயதானபோது கணவன் குழந்தையைக் கதவு நிலையோரம் நிறுத்தி, உச்சந்தலைக்கு நேரே பென்சிலால் கோடு போட்டான். காலையில் கோட்டைக் காணோம். ஈரத் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வருடமும் போட்டான். அதுவும் போயிற்று.

"எதுக்கு அழிச்சே?"

"வேனுக்கு நேரமாச்சு, கிளம்புங்க" என்றாள்.

மூன்றாம் வருடம் அவன் பென்சிலைத் தொடவில்லை.