அண்ணாச்சி வெட்டிப்போட்ட வெள்ளைக் கார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சியம்மாள் மதினி அழைத்தபோது, நான் தேவிகுளத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, ஒங்க அண்ணாச்சி போயிட்டாவ."

என் எதிரே, துண்டு துண்டாக வெட்டப்பட்ட ஒரு காரின் உடல் கிடந்தது. அதன்மேல் காறித் துப்பினேன். ஓர் அஞ்சலியை இப்படித் தொடங்குவது மரியாதையல்ல என்று தெரியும். ஆனாலும் நான் முதலில் செய்தது அதைத்தான்.

சுடலைமுத்து அண்ணாச்சி தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். ஒருமுறை இலை உருட்டும் இயந்திரத்தின் தண்டில் விரிசல் விழுந்தது. பற்றவைத்து ஓட்டச் சொன்னார் மேனேஜர். அண்ணாச்சி ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். "புதுத் தண்டு வரட்டும், ஃபியூசும் வரும்" என்றார். இரண்டும் ஒரே நாளில் வந்தன. பிறகு தொழிற்சாலை வேலையை விட்டு இருவரும் சேர்ந்து ஒர்க்‌ஷாப் தொடங்கினோம்.

மதினி கொழுந்து பறித்தவர். கூடை சுமந்து முதுகெலும்பில் சவ்வு விலகிவிட்டது. சிகிச்சைக்கு வாரம் ஒருமுறை அடிமாலிக்குப் போகவேண்டும். அவர்கள் குடியிருந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஜீப் மட்டுமே ஏறும். ஒவ்வொரு குழியிலும் மதினி துண்டைக் கடித்துக்கொள்வார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணாச்சிக்கு அந்த எண்ணம் வந்தது. பழைய அம்பாசடர் ஒன்றை எலும்புவரை கழற்றி, அதற்குள் ஒரு ஜீப்பின் எஞ்சின், கியர் பெட்டி, முன்னும் பின்னும் இரண்டு ஆக்சில் என்று எல்லாவற்றையும் ஏற்றவேண்டும்.

"ஜீப்போட காலு, காரோட மடி. ரெண்டையும் சேக்கணும்டே" என்றார்.

ஜீப் சாமான்களை அவர் சேர்த்தார். காரை நான் தேடிப் பிடித்தேன். மலைக்குக் கீழே ஒரு தரகரிடம், பால்வெள்ளைப் பெயிண்டில் நின்றது. "கீழ படுத்துப் பாத்தியா?" என்று அண்ணாச்சி கேட்டார். பார்த்தேன் என்றேன். நான் நின்றுகொண்டுதான் பார்த்திருந்தேன்.

கழற்றத் தொடங்கினோம். கதவுகள், டேஷ்போர்டு, முன்சீட்டுகள் வெளியே வந்தன. பின்சீட்டைத் தூக்கியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. எலிகள் பஞ்சைக் கிழித்துக் கூடு கட்டியிருந்தன. மூத்திரத்தில் ஊறி எல்லாம் கூழாகியிருந்தது. நான் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். அண்ணாச்சி இரு கைகளாலும் அள்ளிக் கொட்டினார். பிறகு தரையைச் சுத்தியலால் தட்டினார். பெயிண்டோடு, ஓட்டையை மறைக்கப் பூசியிருந்த பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதற்கடியில் திணித்த பழைய செய்தித்தாள். அதையும் பிடுங்கினால், குறுக்கே ஒரு கோணல் வெல்டிங். விபத்தில் நொறுங்கிய இரண்டு கார்களின் பாதிகளை ஒட்டவைத்து எங்களுக்கு விற்றிருந்தார்கள்.

"மனுசன் செஞ்சதுக்கு எலி எவ்வளவோ தேவலைடே" என்றார்.

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே குமட்டுகிறது. "அண்ணாச்சி, மறுபடி பட்டியப் பூசி எவன் தலையிலயாவது கட்டிருவோம்."

அவர் கோபப்படவில்லை. "கணேசா, பேச்சி ஏறக்கூடாத வண்டியில எவன் பொண்டாட்டி ஏறலாம்? நீ சொல்லு" என்றார்.

அந்தக் காரை யாரும் மறுபடி ஒட்டவைக்க முடியாதபடி இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினார். கதவுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் பகுதியை அறுத்தபோது, உள்ளே தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் அவர் கையில் வழிந்தது. உள்ளங்கையில் தகரம் கிழித்த புண் இருந்தது. கையுறை நீட்டினேன். "அதைப் போட்டா கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு" என்று வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி என்றார். மருந்துக்கடை மாத்திரையில் மூன்று நாள் போனது. கண் மஞ்சளான பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 'எலிப்பனி' என்று எங்கள் மலையில் சொல்லும் எலிக்காய்ச்சல் அது. புண்ணில் எலி மூத்திரம் கலந்த அழுக்குத் தண்ணீர் பட்டதா என்று மருத்துவர் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். நான் சொன்னபடி பூசி விற்றிருந்தால் அண்ணாச்சி இன்று இருந்திருக்கக்கூடும். ஆனால் அந்த அண்ணாச்சி வேறு யாரோவாக இருந்திருப்பார்.

இனி எழுதப்போவதுதான் இந்தச் சாவிலேயே அருவருப்பானது. மூன்றாம் நாள் அந்தத் தரகர் துக்கம் கேட்க வந்தார். படத்துக்குப் பெரிய மாலை போட்டார், கண்ணைத் துடைத்தார், பிறகு என்னை ஓரமாக அழைத்தார்.

"வண்டிய வெட்டிட்டீங்களாமே. ஆர்.சி. புக்கும், சேசிஸ் நம்பர் இருக்கிற துண்டும் இருந்தாக் குடுங்க. வேற வண்டியில அந்த நம்பர ஒட்டி வித்துரலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவருகே மதினியின் குரல் கேட்டது. "அந்தத் துண்டு எங்க கெடக்கு தம்பி?"

"ஒர்க்‌ஷாப் ஷெட்லதான் மதினி."

"ஜீப்ப எடுங்க. போவோம்."

துக்க வீட்டுக்காரி வெளியே போகக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவர் காதில் வாங்கவில்லை. தரகரைப் பார்த்து, "மாலையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். வழிநெடுக ஜீப் தூக்கிப்போட்டது. மதினி என்னை மெதுவாகப் போகவும் விடவில்லை.

ஷெட்டில் அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். மதினி அதன் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்க, நான் கிரைண்டரை ஓட்டினேன். எண்கள் ஒவ்வொன்றாகப் பொறியாகிப் பறந்தன. நிறுத்தியதும், "அழிஞ்சிருச்சா?" என்றார். அழிந்துவிட்டது என்றேன். முந்தானையால் இரும்புத்தூளைத் துடைத்துவிட்டு, பளபளத்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். சூடு ஆறியிருக்கவில்லை. ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை.

அண்ணாச்சி, உங்களுக்கு நாங்கள் செய்த கடைசி மரியாதை அதுதான். போய் வாருங்கள்.