தாம்பரத்துக்கு வந்த ஆர்கன்

அறுபதுகளின் கடைசியில் எங்கள் தாம்பரம் கிறிஸ்தவ சபைக்கு, குழாய்களுக்குள் காற்றடித்து வாசிக்கும் ஒரு குழாய் ஆர்கன் வந்து சேர்ந்தது. பட்டணத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிய கோயிலில் இருந்தது அது. அவர்கள் கப்பலேறிப் போனபின் அங்கே ஆராதனைக்கு வர ஆள் குறைந்து, கடைசியில் கோயிலையே மூடிவிட்டார்கள். கரையான் அரிப்பதற்குள் யாராவது கொண்டுபோகட்டும் என்று எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். லாரியில் வந்த குழாய்களைக் கோயிலுக்குள் பரப்பிவைத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். கோயிலில் ஆர்மோனியம் என் பொறுப்பு. அப்படியென்றால் ஆர்கன் யாருக்கு? எனக்குத்தானே!

எங்கள் கூரை தாழ்வு. மிக நீளமான மரக்குழாய்கள் நிமிர்ந்து நிற்க இடமில்லை. பொருத்த வந்தவர்கள் அவற்றைத் தரையில் படுக்கவைத்து, மேலே பலகை அடித்துத் தளமாக்கிவிட்டார்கள். ஜனங்கள் உட்காரும் முதல் பெஞ்சு அந்தப் பலகையின்மேல் வந்தது. வாசிப்பவர் உட்காரும் இடம் ஓரமாக, சிமெண்ட் தரையில், காற்றடிக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில். தினமும் பள்ளி விட்டதும் ஓடிவந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரிய குழாய்களின் தாழ்ந்த சுரங்களுக்காகக் காலால் மிதிக்கும் கட்டைகளில் பழகினேன்.

ஆர்கனைப் பிரதிஷ்டை செய்த ஞாயிறன்று, கவுன் போட்ட ஆங்கிலோ இந்திய அம்மா ஒருவர் எலெக்ட்ரிக் ரயிலில் வந்து இறங்கினார். பழைய கோயிலில் இத்தனை காலமும் இந்த ஆர்கனை வாசித்தவர் அவர்தானாம். யாரையும் கேட்கவில்லை. கட்டை மிதிக்கவென்றே வைத்திருந்த மெல்லிய ஷூ ஒரு ஜோடியைத் துணிப்பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, தன் வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல ஆர்கன்முன் உட்கார்ந்தார். அருமையாக வாசித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

அதன்பின் கீர்த்தனைகளுக்கு மட்டும் நான், ஆர்மோனியத்தோடு. ஆர்கன் அவருடையது என்றே ஆகிவிட்டது.

சில வாரம் கழித்துத்தான் சபைச் செயலாளர் கண்ணில் அந்த ஷூ பட்டது. எங்கள் சபையில் செருப்பெல்லாம் வாசலோடு சரி.

"மேடம், கோயிலுக்குள்ள ஷூ போடக்கூடாது."

"இது ரோட்டையே பாத்தது இல்ல மேன். பையில கொண்டாந்து இங்கதான் போட்டுக்கினு வாசிக்கிறேன்."

"வழக்கம் வழக்கந்தாங்க."

கழற்றிவிட்டு வாசித்தார். பழக்கமில்லாத வெறுங்கால் கட்டைகளுக்கு நடுவே வழுக்கியது. பாட்டு நொண்டியது, பாதிச் சரணத்தில் சபையே நின்றுவிட்டது. செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்க உட்காருங்க."

உட்கார்ந்தேன். எத்தனை நாள் ஆசை! கைநிறைய, கால்நிறைய வாசித்தேன். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் முதல் பெஞ்சில் ஷூ இல்லாமல் உட்கார்ந்து, தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாராக நின்றேன்.

"டீச்சர், இத்தினி வருஷமா வாசிச்சிக்கினு கீறேன். அங்கயும் சரி, இங்கயும் சரி, வாசிக்கிற எடத்துல மோட்டார் சத்தந்தான் கேக்கும். அந்தப் பெரிய குழாய் பேசி நான் கேட்டதே இல்ல. இன்னிக்கு பலகை வழியா கால்ல ஏறி வந்துச்சு." கண் கலங்கியிருந்தது. "நீ கேட்டுகீறியா?"

இல்லை. அதை வாசிக்கத்தான் துடித்தேனே தவிர, உட்கார்ந்து கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றே செயலாளரிடம் போனேன். "சார், அடுத்த வாரம் அவங்க ஷூ போட்டுத்தான் வாசிப்பாங்க. கூடாதுன்னா எனக்கு ஆர்கனும் வேணாம், ஆர்மோனியமும் வேணாம்." நாங்கள் இருவரும் இல்லையென்றால் அவரேதான் பாட்டெடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் குரல் எப்படி என்று அவருக்கே தெரியும். "அந்த ஒரு ஷூ மட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பலகையில் பதித்தேன். அந்த அம்மா ஷூவோடு உட்கார்ந்து முதல் பாட்டைத் தொடங்கினார். தாழ்ந்த சுரம் காதுக்கு வருமுன் உள்ளங்காலைத் தொட்டது. மெல்ல முழங்காலுக்கு ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாட மறந்து, கேட்டது என்று தலையாட்டினேன்.