ஞானம் அக்காவும் கறுப்புப் படகின் ரிசீவரும்

செவ்வாய்க்கிழமை காலை, பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள கட்டடத்தில் மூன்றாம் மாடிப் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலைப் பார்த்துக்கொள்ளும் பெண் கீழிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தொலைபேசியில் ஞானம் அக்காவின் கணவர் யேசுதாசன் அண்ணை. "வாசுகி, அக்கா போயிட்டா பிள்ளை. விடிய அஞ்சு மணிக்கு" என்றார். "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னேன். மேலே ஏறி வந்து மிச்சப் படிகளையும் துடைத்தேன். முதலாம் மாடிக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சிடும் நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னவரும் அண்ணைதான். நான் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். "படிச்ச ஆக்கள் எத்தினை பேர் இருக்கினம்" என்றேன். "இருக்கினம்தான். அவையளுக்குப் படகுக் கதை தெரியாதே" என்றார். ஆகவே தெரிந்த கதையை எழுதுகிறேன்.

ஞானம் அக்காவை உங்களில் பலருக்குக் கோயில் பாடகர் குழுவில் தெரியும். மற்றவர்களுக்குப் போர்கோ வெக்கியோ சந்தையில் தெரியும். அங்கே மீன்காரரோடு அவர் வாதாடும் சத்தம் துறைமுகம்வரை கேட்கும். தெரிந்த நாற்பது ஐம்பது இத்தாலியச் சொற்களை வைத்துக்கொண்டு எவரோடும் கதைப்பார். பிழை என்று யாராவது சிரித்தால், "அவைக்கு விளங்கினதாலைதானே சிரிக்கினம்? பிறகென்ன?" என்பார்.

நான் அதற்கு நேர்மாறு. இரண்டு வருடம் இங்கே பள்ளிக்கூடம் போனதால் சொற்கள் நிறையத் தெரியும். அம்மாவுக்கு முதுகு முறிந்து, அவருடைய படிக்கட்டு வேலையை நான் எடுத்துக்கொண்டபோது அந்தச் சொற்கள் எனக்குள்ளேயே தங்கிவிட்டன. கோயில் மண்டபத்தில் சிறுவர்கள் என்னை ஊமைச்சி என்பார்கள். ஒருநாள் அது அக்காவின் காதில் விழுந்தது. "ஊமை இல்லையடா, அவள் கதையைச் சேத்து வைக்கிறாள். ஒருநாளைக்கு அவிழ்த்து விடுவாள், அப்ப ஓட இடமிருக்காது உங்களுக்கு" என்றார்.

அக்கா ஆறு வருடமாகப் பராமரித்த இத்தாலிய முதியவர் சிஞ்ஞோர் பிப்போ. இங்கே சிஞ்ஞோர் என்றால் ஐயா, சிஞ்ஞோரா என்றால் அம்மா. கப்பல் கட்டும் இடத்தில் தச்சராக இருந்தவர். பக்கவாதம் வருவதற்கு முந்திய இரண்டு வருடத்தில் ஒரு மீற்றர் நீளமான பாய்மரப் படகு ஒன்றைச் செய்திருந்தார். மரத்தில் அல்ல, காபன் நார்த் துணியைப் பசை பூசிப் படிய வைத்துச் செய்த படகு. கன்னங்கரேலென்று, முகம் தெரியும் அளவுக்கு மினுங்கும். அவருடைய நண்பர் ஒருவர் பாயையும் சுக்கானையும் இழுக்கும் சின்ன மோட்டார்களைப் பூட்டி, கரையில் நின்று இயக்கும் கைக்கருவியையும் கொடுத்துவிட்டு ஊர் மாறிப் போய்விட்டார். கைக்கருவி சொல்வதைப் படகுக்குள் இருந்து கேட்கும் பெட்டி, அதுதான் ரிசீவர், அது மட்டும் இல்லை. அது இல்லாமல் படகு அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

இந்தக் கதை நடந்த மாத முடிவில் மகள் வந்து சிஞ்ஞோரைத் தொரீனோ நகருக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. போவதற்கு முன் லா காலா துறையில் தன் படகு போய்த் திரும்புவதைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய ஆசை. அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு என்னிடம் வந்தார். "எனக்கு வாய் இருக்கு, உனக்குச் சொல் இருக்கு. ரெண்டும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். வா கடைக்கு."

றேடியோச் சாமான் விற்கும் கடைக்காரர் எங்கள் கைக்கருவிக்குப் பொருந்தும் ரிசீவர்கள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தீப்பெட்டி அளவு. கிட்ட நின்று ஓட்டுவதற்கு. மற்றது அதைப்போல் இரண்டு மடங்கு. தூரத்திலிருந்தும், சுற்றிவர வேறு றேடியோக்கள் இரைந்தாலும் கேட்கும். "படகு எதால் செய்தது?" என்று கேட்டார். அக்கா தயங்காமல் "பிளாஸ்திகா" என்றார். எனக்குத் தெரியும். படகைத் தடவியபடி சிஞ்ஞோர் என்னிடமே "கார்போனியோ" என்று, காபனுக்கு உள்ள இத்தாலியச் சொல்லை, சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. பின்னால் மூன்று ஆண்கள் காத்து நின்றார்கள். விழுங்கிவிட்டேன்.

"பிளாஸ்டிக் என்றால் சின்னது போதும். அன்ரனா வயரை வெட்டாதீர்கள், படகின் மேல்தட்டுக்குக் கீழே உள்ளேயே விடலாம்" என்றார் அவர்.

அந்த வயர் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம். அக்காவின் கை எதையும் தொங்க விடாது. சிஞ்ஞோரின் காலுறைகளைக்கூட நிறவாரியாக அடுக்குகிறவர். வயரை இரண்டு விரலில் சுற்றி, தையல் நூலால் கட்டி, படகின் ஓரத்தில் செருகினார். "பாரன், என்ன வடிவு!" எனக்கும் அது பிடித்திருந்தது. இரண்டு பேரும் அடுத்தவர் வீட்டை ஒழுங்குபடுத்திச் சாப்பிடுகிறவர்கள் அல்லவா.

நல்லகாலம், முதல் ஞாயிறு லா காலாவில் படகை விட்டுப் பார்க்கப் போனபோது சிஞ்ஞோரைக் கூட்டிப்போகவில்லை. இருபது அடி போனதும் படகு சொல்வழி கேட்கவில்லை. நேரே துறையின் வாய்ப்பக்கம் போனது. அக்கா கைக்கருவியின் பிடிகளைத் திருகினார், குலுக்கினார், பிறகு படகைப் பார்த்துத் தமிழில் கத்தினார்: "ஏய்! இஞ்சை வா! எங்கை போறாய்? இஞ்சை!" தோணியில் வந்த மீனவர் ஒருவர் துடுப்பால் அதை மறித்துக் கொண்டுவந்து தந்தார்.

"என்ன சிஞ்ஞோரா, படகு வீட்டைவிட்டு ஓடுதா?"

"ஆம்பிளைப் படகு. கூப்பிட்டால் திரும்பாது" என்றார் அக்கா.

மீனவர் போகும்வரை அக்கா சிரித்தார். பிறகு படகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அது பிளாஸ்திகா இல்லை. கார்போனியோ. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் நின்றார். "தெரிஞ்சுகொண்டே நிண்டனியோ?"

"ஓம்."

"அந்த மனிசன்ரை ரெண்டு வருச வேலை கடலுக்கை போகப் பாத்தது, பிள்ளை."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். தெருவைக் கடந்த பிறகு, "நாளைக்குக் கடையிலை நான் வாய் திறக்க மாட்டன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். கடைக்காரர் "சொல்லுங்கள் சிஞ்ஞோரா" என்றபோது நாடியால் என்னைக் காட்டிவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞானம் அக்கா வாய்மூடி நிற்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில் சொன்னேன்: அது கார்போனியோவில் செய்தது. முதல்முறையே எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். காபன் உலோகம் மாதிரி றேடியோவை மறித்துவிடும், அதற்குள் வயரைச் சுருட்டி வைப்பது பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு கதை கேட்பது போன்றது என்றார். சின்ன ரிசீவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பெரியதைத் தந்தார். வயர் வெளியே வரவேண்டும், நிமிர்ந்து நிற்கவேண்டும், சுற்றக்கூடாது. தண்ணீரில் விடுமுன் தரையில் தூரம் பார்க்கவேண்டும். வயர் நனையலாமா என்றும், எத்தனை அடி தூரம் பார்ப்பது என்றும் நானாகவே கேட்டேன். வெளியே வந்ததும் அக்கா மூச்சுவிட்டார். "ரெண்டு கேள்வி கேட்டனி. நான் எண்ணிக்கொண்டு நிண்டனான்."

கிரனித்தா என்ற ஐஸ் பானம் விற்கும் கடையில் கேட்டு வாங்கிய உறிஞ்சு குழாய்கள் நான்கை ஒன்றுக்குள் ஒன்று செருகி, படகின் பின்புறம் நிறுத்தி, வயரை அதற்குள் ஏற்றினோம். மினுங்கும் கறுப்பில் மஞ்சள் சிவப்புக் கோடு போட்ட குழாய். சிஞ்ஞோர் முகத்தைச் சுளித்து "புருத்தோ" என்றார். அசிங்கம் என்று அர்த்தம்.

"ஓம், புருத்தோ. மா தோர்னா" என்றார் அக்கா. அசிங்கம்தான், ஆனால் திரும்பி வரும்.

சனிக்கிழமை பின்னேரம் சந்தை கலைந்த பிறகு, போர்கோ வெக்கியோ தெருவில் பழப்பெட்டிகளின்மேல் படகை வைத்தோம். நான் படகுக்குப் பக்கத்தில். அக்கா கைக்கருவியோடு எண்ணி எண்ணி நடந்தார். சுக்கான் அசைகிறதா என்று நான் சொல்லவேண்டும்.

"ஆடுதோ?"

"ஓம்."

"கேக்கேல்லை!"

"ஓம்!"

"என்ன?"

"ஆடுது!"

அறுபது அடிக்கு அப்பால் போனபோது பல்கனிகளில் பெண்கள் வந்து நின்றார்கள். "ஆடுது அக்கா! நல்லா ஆடுது!" என்று கத்திக்கொண்டிருந்தேன். பழக்காரர் ஒருவர், "இந்தப் பெண் மூன்று வருடமாக விரலைக் காட்டித்தான் தோடம்பழம் வாங்கினாள்!" என்று மேல்வீட்டுக்குச் சொன்னார். அக்கா நிற்கவேயில்லை. நூறு அடி, நூற்றிருபது அடி. என் தொண்டை கட்டிவிட்டது. உண்மையாகவே கேட்கவில்லையா என்று பிறகு கேட்டேன். "வலது காது கொஞ்சம் மந்தம்" என்றார். அப்படி ஒரு குறை அவருக்கு இருந்தது யேசுதாசன் அண்ணைக்கே தெரியாது.

அடுத்த நாள் சிஞ்ஞோரைச் சில்லுக்கதிரையில் லா காலாவுக்குக் கொண்டுபோனோம். கைக்கருவியின் ஒரு பிடியில் அவருடைய வலது கை, மற்றதில் அக்காவின் கை. முந்திய கிழமை திசைமாறிய இடத்தைப் படகு தாண்டியது. கட்டியிருந்த மீன்பிடி வள்ளங்களையும் தாண்டியது. சிஞ்ஞோர் பிடியைத் திருப்பினார். பாய் ஒருகணம் தொய்ந்தது. பிறகு பாய் மறுபக்கம் நிறைந்து, படகு சரிந்து திரும்பி, குழாய் காற்றில் வளைய எங்களை நோக்கி வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார் சிஞ்ஞோர். "ஐயோ, இப்பதான் மாத்தின காற்சட்டை!" என்று சொல்லிக்கொண்டே அக்கா கண்ணைத் துடைத்தார். மூன்று நாளில் சிஞ்ஞோர் தொரீனோ போனார். ரயிலிலும் படகை மடியில்தான் வைத்திருந்தாராம்.

இந்தக் குளிர்காலத்தில் அக்காவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தியர், எத்தனை நாளாக மூச்சு முட்டுகிறது என்று கேட்டார். அக்கா இரண்டு விரலைக் காட்டினார். "இல்லை, இரண்டு நாள் இல்லை. ஒரு மாதம். படியேறும்போது நடுவில் நிற்பார், செருப்பைச் சரிசெய்வதுபோல. நான் பார்த்தேன்" என்றேன். ஒட்சிசன் மூடிக்கு மேலால் அக்கா என்னை முறைத்தார். பிறகு அந்தக் கண் சிரித்தது. வைத்தியர் மருந்தை மாற்றினார். அதன்பின் ஏழு கிழமை கிடைத்தது. அதில் ஒரு ஞாயிறு அவர் கோயிலில் கதிரையில் இருந்தபடியே பாடியதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள்.

அவருடைய பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. தெரிந்த ஒன்றை, கேட்கிறவர் முன்னால் நிற்கும்போதே சொல்லிவிடுவது, அது இருக்கிறது. போன கிழமை மாலைப் பள்ளியில் சேரப் போனேன். மேசையில் இருந்தவர் என் பெயரைக் கேட்டார். இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.