கிறகரி வீட்டுத் திருக்குடும்பம்

மன்னாரில் கழுதைகளுக்கு நடுவே வளர்ந்த ஒருவன் கழுதை விஷயத்தில் பிழை விடுவானா? எங்கள் கிறகரி விட்டான்.

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய லாசாலில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பழைய சாமான் விற்றார்கள். அங்கே அவன் ஒரு படம் வாங்கினான். மலையடியில் ஒரு கிராமம். முன்னால் குழந்தையோடு ஒரு பெண், தலையைச் சுற்றி மஞ்சள் வட்டம். பக்கத்தில் ஒரு ஆண், ஒரு கழுதை. பின்னாலும் வட்டத் தலைகளோடு நிறையப் பேர். எகிப்துக்குப் போகும் திருக்குடும்பம், கூடவே புனிதர்கள் என்று முடிவு செய்து சுவரில் மாட்டினான். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, தினமும் அதற்கு முன்னால் தனியே செபமாலை சொன்னான். வீட்டில் வேறு யாரும் இல்லை. பேசிய கலியாணங்கள் எல்லாம் முறிந்துபோயிருந்தன.

ஒக்டோபரில் எங்கள் சனத்தின் வீடுகளுக்கு மாதா சுரூபம் போகும். மாலையில் கூடிச் செபமாலை சொல்லி, சாப்பிட்டு, சுரூபத்தை அங்கேயே விட்டு வருவோம். மறுநாள் மாலை அடுத்த வீடு. மாதா இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகக்கூடாது. அதைச் சாட்டாக வைத்து வருஷா வருஷம் கிறகரியைத் தள்ளி வைத்தார்கள். தனி ஆள், வேலைக்குப் போனால் மாதாவோடு யார் இருப்பது என்றார்கள். பெண் இல்லாத வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் உண்மையான கவலை. வெட்கம் கெட்ட சனம்.

தொண்ணூற்றாறில் அவன் லீவு எடுத்துக்கொண்டு வந்தே கேட்டான். மறுக்க வழியில்லை. மாதா போன அன்று அவன் வீட்டில் நிற்க இடமில்லை. ஆட்டுக்கறி நன்றாகவே இருந்தது. வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டான்.

செபக்குழுவை நடத்தும் றோசலின் அக்கா படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். அவரோடு பெரு நாட்டுப் பெண்கள் தையல் வேலை செய்கிறார்கள். அவர்கள் வீடுகளில் இப்படியான படங்களைக் கண்டிருக்கிறார். அந்த வட்டம் தொப்பி, அந்த மிருகம் கழுதையில்லை, அந்த நாட்டில் சுமை தூக்கும் லாமா, அவர்கள் சந்தைக்குப் போகும் மலைக்கிராமத்துச் சனம் என்று மெதுவாகத்தான் சொன்னார். மன்னாரானுக்கே கழுதை தெரியவில்லையா என்று ஒருவர் தொடங்க, வீடு முழுவதும் சிரித்தது. கிறகரி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டான்.

மறுநாள் சுரூபத்தை எடுக்க அக்காவும் நானும் மட்டும் போனோம். மாதாவுக்கு முன்னால் ஒரு கதிரை போட்டிருந்தான். பகல் முழுவதும் அதில்தான் இருந்தானாம். அக்கா நல்லதொரு திருக்குடும்பப் படம் கொண்டு வந்திருந்தார். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொன்னார். அவன் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டுச் சுவரைக் காட்டினான்.

"அது இருக்கட்டும் அக்கா. மாதாவையும் கொண்டு போறியள். இவையளையும் கழட்டினா வீட்டில ஆர் இருக்கிறது?"

சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். வாசலில் அவனுடைய ஒரு சோடி மட்டும் கிடந்தது.