அருள்ராஜ் அங்கிளின் குரலும் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டும்

வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு ஓனரின் கூடத்தில் பதினொரு பேர் டிவியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டிவியில் படம் எதுவும் ஓடாது. கறுப்புத் திரையின் ஓரத்தில் ஒரு கோப்பின் பெயர் மட்டும் தெரியும். ஆளுக்கொரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பாடுவார்கள். மாடியில் குடிவந்த முதல் வாரம் படிக்கட்டில் நின்று இதைப் பார்த்துவிட்டு, பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் டிவியைக் கும்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். "எந்த சீரியலுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

அவர்கள் கும்பிடவில்லை, சர்ச் பாடகர் குழுவின் பயிற்சி அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நடத்துபவர் வீட்டு ஓனர் ஸ்டீபன் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். குழுவுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த லாரன்ஸ் மெல்போர்னுக்குப் போய்விட்டார். போகும் முன் எல்லாப் பாட்டுகளையும் வாசித்து சிடியில் பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாசிப்புக்குத்தான் இவர்கள் பாடுகிறார்கள். புலம்பெயர்ந்தவர் என்றால் லாரன்ஸ்தான். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டால் டொரொண்டோவில் இருக்கும் என் சித்தி மகன் சிரிக்கிறான். பண்ருட்டியில் பஸ் ஏறித் தூங்கினால் விடியும்போது பெங்களூரு, இது என்ன புலம்பெயர்வு என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? அங்கே அவனைச் சுற்றி வேறு மொழி, வேறு முகம், வேறு பனி. வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. எனக்கோ இங்கே எல்லாரும் என்னைப் போலவே இருக்கிறார்கள், தமிழிலேயே பேசுகிறார்கள், ஆனால் எதற்குச் சிரிப்பார்கள், எதற்கு வருத்தப்படுவார்கள் என்று ஏழு வருடம் ஆகியும் பிடிபடவில்லை. பூக்காரியிடம் கன்னடத்தில் ஆரம்பிக்கும் வாக்கியத்தை என்னைப் பார்த்துத் தமிழில் முடிக்கிறார் ஸ்டீபன் சார். நடுவில் நான்கு ஆங்கிலச் சொற்கள். அவருடைய முப்பாட்டனார் காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். "நீங்க ஊருக்குப் போகலையா சார் லீவுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "எந்த ஊருக்கும்மா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் கம்பெனி டிவியோடு சேர்க்கும் சின்ன மீடியா பிளேயர் பெட்டிகளைச் செய்கிறது. பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை வெளியிடும் முன் சோதித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. ஊழியர்களுக்குக் கொடுத்த பெட்டி ஒன்று என்னிடம் சும்மா கிடந்தது. சிடி பிளேயர் செத்துப்போய் ஸ்டீபன் சார் தவித்தபோது, லாரன்ஸின் பாட்டுகளை எல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றி, பெட்டியை டிவியில் மாட்டிக் கொடுத்தேன். 'தானாக அப்டேட் செய்' என்ற இடத்தில் நானே ஆமாம் என்று அழுத்தினேன். ஃபிலோ ஆன்ட்டி, அதாவது ஸ்டீபன் சாரின் மனைவி, அன்று எனக்குக் கேக் கொடுத்தார். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அறுப்பின் பண்டிகைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது புது ஃபர்ம்வேர் வெளியானது. அறுப்பின் பண்டிகை என்றால் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஞாயிறு. இவர்களில் ஒருவருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. பால்கனியில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலை, அதிகம் போனால் ஒரு பப்பாளி. அறுவடைக்கு நன்றி சொல்வதில் மட்டும் குறையே வைப்பதில்லை. முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் பிறந்த நான் ஒருநாளும் யாருக்கும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. பண்டிகைக்கான பாட்டில் மூன்றாவது சரணம் முடியும் இடத்தில் மற்றவர்கள் எல்லாரும் நிறுத்திவிட, ஆண்களின் மேல்குரலான டெனர் ஒன்று மட்டும் மேலே ஏறி ஓர் உச்ச சுரத்தில் நிற்கும். அது அருள்ராஜ் அங்கிளின் சுரம். எழுபத்திரண்டு வயது, அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடமாக அந்த இடம் அவருடையது. வேறு யாராவது முயற்சி செய்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை அவருக்கு அது எட்டவில்லை. அடுத்த வியாழனும் எட்டவில்லை. மேல்குரலான சோப்ரானோ பாடும் பெண்கள் கீச்சிட்டார்கள். கீழ்க்குரல் பாடும் இரண்டு பேர் மட்டும், எங்களுக்கு இவ்வளவு சுலபமாக வந்ததே இல்லையே என்று பூரித்துப் போனார்கள். மாடியில் காய் நறுக்கிக்கொண்டே நான் எல்லாவற்றையும் கேட்டேன். எனக்கும் சங்கீதத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லாததால், இன்றைக்கு ஏதோ சுறுசுறுப்பாகப் பாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் மைக் கீச்சிட்டால் மொத்தக் கூட்டமும் மைக்செட் காரரைத்தான் திரும்பிப் பார்க்கும். பாடுபவர் அபசுரமாகப் பாடினாலும் திட்டு மைக்செட் காரருக்குத்தான். ஒயரை உதை, பெட்டியைத் தட்டு, ஆளை மாற்று. கோளாறு தங்களிடம் இருக்கலாம் என்ற சந்தேகமே எங்கள் ஆட்களுக்கு வராது. இங்கே நேர் எதிர். பதினொரு பேரில் ஒருவருக்காவது பெட்டி மேல் சந்தேகம் வரவேண்டுமே! எல்லாரும் தங்கள் தங்கள் தொண்டையைத்தான் தடவிக்கொண்டார்கள்.

"எங்க எல்லாருக்கும் வாய்ஸ் எறங்கிடுச்சும்மா கலை," என்றார் ஸ்டீபன் சார், வாசல் கேட்டுக்கு அருகே நின்று. "வயசாய்த்து. என்ன பண்றது?"

"கிளைமேட் சார். சுக்குக் கஷாயம் போட்டுக் குடிங்க. மிளகு கொஞ்சம் தூக்கலா," என்றேன் நான். குற்றவாளியே வைத்தியமும் பார்த்த கதை இது. ஃபிலோ ஆன்ட்டி அடுத்த வியாழன் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கஷாயம் போட்டார். பதினொரு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டுக் கீச்சிட்டார்கள்.

அதே வாரம் ஆபீஸில் நாக்பூர்க்காரர் ஒருவரிடமிருந்து புகார் வந்திருந்தது. அப்டேட்டுக்குப் பிறகு பாட்டெல்லாம் எலி பாடுவதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தார். என்னிடம் இருந்த சோதனைக் கோப்புகளை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஓடின. எங்கள் தொழிலின் மூன்று மந்திரங்களை அவருக்கு எழுதினேன்: அணைத்துப் போடுங்கள், ஒயரைப் பிடுங்கிச் செருகுங்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் மூன்றும் செய்துவிட்டு, எலி இன்னும் பாடுகிறது என்றார். 'எங்களிடம் இந்தக் கோளாறு தோன்றவில்லை' என்று எழுதிப் புகாரை மூடினேன். இந்த வாக்கியத்தைப் போல வசதியான வாக்கியம் உலகத்தில் வேறு கிடையாது.

மூன்றாவது வியாழக்கிழமை பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின் ஸ்டீபன் சார் என்னைக் கீழே கூப்பிட்டார். மேஜை மேல் அருள்ராஜ் அங்கிளின் பாட்டுப் புத்தகம் இருந்தது. அதற்குள் நான்கு வரிக் கடிதம். தன்னால் இனி குழுவுக்குப் பாரம்தான், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும் என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"டாக்டர்கிட்ட தொண்டையைக் காட்டியிருக்கான் மேடம். அவரும் வயசுன்னுட்டார்," என்றார் ஸ்டீபன் சார். அவருக்கு மனசு சரியில்லாதபோது எல்லாரும் மேடம் ஆகிவிடுவார்கள். "லாரன்ஸைச் சொல்லணும். இவ்ளோ ஸ்பீடா வாசிச்சு வச்சிருக்கான். சர்ச் ஆயர் ஒவ்வொரு பாட்டுக்கும் டைம் குறிச்சுக் கொடுன்னு கேப்பார், அதனால நோட்ல எழுதி வைப்பேன். பாரு. முன்னாடி அஞ்சு நிமிஷம் இருபத்திரெண்டு செகண்ட். இப்ப நாலு ஐம்பத்தாறு."

"சார், அது ரெக்கார்டிங். லாரன்ஸ் மெல்போர்ன்ல இருக்கார். ரெக்கார்டிங் எப்படி சார் வேகமாகும்?"

ஒரு கணக்கு வாத்தியாரும் ஒரு பொறியாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போனை எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தேன். வந்த எண்ணைப் பார்த்ததும் திரும்ப ஒருமுறை வகுத்துப் பார்த்தேன். ஒலிக்கோப்புகளோடு வேலை பார்ப்பவர்களுக்கு அந்த எண் சொந்தக்காரர் முகம் மாதிரி. சிடியிலிருந்து எடுத்த பாட்டு நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துணுக்குகளாக இருக்கும். சினிமாக்களின் ஒலி நாற்பத்தெட்டாயிரம். இதை அதனால் வகுத்தால் வருவதும் அதே எண். எங்கள் புது ஃபர்ம்வேர் எதைக் கொடுத்தாலும் நாற்பத்தெட்டாயிரம் என்று நினைத்துக்கொண்டு விரட்டியிருக்கிறது. பாட்டு வேகமாக ஓடி, சுருதி முக்கால் கட்டை ஏறிவிட்டது. என் சோதனைக் கோப்புகள் எல்லாமே சினிமா. ஒரே ஒரு பாட்டுக்கோப்பைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை. யாருக்கும் குரல் இறங்கவில்லை. நான்தான் வீட்டையே மேலே தூக்கி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் அன்றைக்கு ஸ்டீபன் சாரிடம் சொன்னேனா? இல்லை. "பெட்டியில ஏதோ ப்ராப்ளம் சார், நாளைக்குப் பாக்கறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டேன். சொன்னால் இந்த வீட்டில் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் மேலாளர் கிரீஷிடம் மூடிய புகாரைத் திறக்கச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மைசூர்க்காரர், நிதானத்தை விட்டு ஒருநாளும் இறங்காதவர். "டிவி பாக்ஸ்ல யாரு கலை பாட்டு கேக்கறாங்க? எட்ஜ் கேஸ், எங்கயோ ஒருத்தருக்கு வர்றது. நெக்ஸ்ட் ரிலீஸ்ல பாக்கலாம்," என்றார்.

"ரிச்சர்ட்ஸ் டவுன்ல பதினோரு பேர் கேக்கறாங்க. ஒருத்தர் ரிசைனே பண்ணிட்டார்."

"நம்ம டீம்லயா?" என்று பதறினார் கிரீஷ்.

சர்ச் கொயரில், பாடகர் குழுவில் என்று விளக்கினேன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திருத்தம் அடுத்த மாதம்தான் என்று முடிவாகிவிட்டது. சோதனையில் எப்படித் தவறியது என்று எழுதவேண்டிய இடத்தில், 'சோதனைத் திட்டத்தில் இவ்வகைக் கோப்புகள் சேர்க்கப்பட்டிருக்கவில்லை' என்று எழுதினேன். சேர்த்திருக்க வேண்டியது யார் என்று அந்த வாக்கியத்திலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. கிரீஷ் படித்துவிட்டு நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார்.

பழைய ஃபர்ம்வேரை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மாலையில் வீட்டுக்கு வந்தேன். பெட்டியின் அடியில் ஒரு ஊசித்துளை உண்டு. ஃபிலோ ஆன்ட்டி தன் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அதைத் துளைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரத்தைப் போட்டேன். திரையில் ஒரு கோடு மெல்ல நிறைந்தது. முதல் வேலையாகத் 'தானாக அப்டேட் செய்' என்பதை அணைத்தேன். பாட்டைப் போட்டதும் ஸ்டீபன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் இருபத்திரண்டு விநாடி. "சாக்கு, சாக்கு," என்றார் கன்னடத்தில், "போதும்மா." கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, அப்டேட்டை ஓகே செய்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "செருப்பைப் போடு. அவன்கிட்ட வந்து சொல்லு," என்றார்.

இரண்டு தெரு தள்ளி அருள்ராஜ் அங்கிளின் வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. "என்ன மேன் ஸ்டீபன், சமாதானம் பேச வந்தியா? பேடா, ஒண்ணும் வேண்டாம். நான் முடிவு பண்ணிட்டேன்."

"அங்கிள், உங்க குரல்ல ஒண்ணும் இல்ல. பெட்டிதான் பாட்டை ஏத்தி வாசிச்சிருக்கு. அந்தப் பெட்டிக்கு வந்த அப்டேட்டைச் சரியா இருக்குன்னு சொன்னது நான். சரியாப் பாக்காம சொல்லிட்டேன். என் தப்பு."

அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நானில்லையா?" என்றார்.

"நீங்க இல்ல அங்கிள்."

"நான் போயிட்டேன்னு நெனச்சேன்மா. மூணு வாரமா காலைல எழுந்ததும் பாத்ரூம்ல அந்த நோட்டைப் பாடிப் பாப்பேன். அங்க வந்துச்சு. ஸ்டீபன் வீட்ல வந்து நின்னா வரல. சரி, மூளைதான் பொய் சொல்லுது, முடிஞ்சுதுன்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று கோபம் வந்துவிட்டது. "ஏன்மா, அந்தக் கஷாயம்? அதுவும் நீதானே?"

"அதுவும் நான்தான் அங்கிள்."

"வாயெல்லாம் வெந்து போச்சு!" என்றார். ஸ்டீபன் சார் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. சார் பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். அங்கிள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பண்டிகை ஞாயிறு அன்று நானும் சர்ச்சுக்குப் போனேன். ஊரிலிருந்து வரவழைத்த ஒரு கிலோ முந்திரியை, காணிக்கையாகக் குவித்திருந்த பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எப்போது எழவேண்டும், எப்போது உட்காரவேண்டும் என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் அரை விநாடி பிந்தினேன். ஆர்கன் வாசிக்க வேறு சர்ச்சிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மூன்றாவது சரணம் முடிந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். அருள்ராஜ் அங்கிள் மேலே ஏறினார், ஏறினார், அந்த உச்சியைத் தொட்டார். தொட்ட இடத்தில் குரல் உடைந்தது. ஒரு கணம் காற்று மட்டும் வந்தது. பிறகு குழு முழுவதும் சேர்ந்து பாடி அவர் குரலை மூடிக்கொண்டது. பெட்டி அப்போது ஸ்டீபன் சாரின் வீட்டில், மின்சாரம் அணைத்த டிவிக்கு அடியில் கிடந்தது.

வெளியே வந்தேன். அந்த சர்ச்சில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கோயில் பழக்கத்தில் நான் மட்டும் கழற்றியிருக்கிறேன். அத்தனை பெரிய வாசலில் ஒரே ஒரு ஜோடி, யாருடையதோ போலக் கிடந்தது. பக்கத்தில் அருள்ராஜ் அங்கிள் கோட்டும் டையுமாக அதற்குக் காவல் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

"செருப்பைப் பாத்தேன், நீ வந்திருக்கேன்னு தெரிஞ்சுது," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "நோட்டு உடைஞ்சுதே, கேட்டியா? அந்த அப்டேட் இன்னும் முழுசாப் போகல போல."

ஆபீஸில், தப்பு என்னுடையதாக இருந்தபோது, அது யாருடையது என்றே தெரியாதபடி எழுதிக் கொடுத்தவள் நான்.

"ஆமா அங்கிள், போகல," என்றேன். "என் தப்புதான்."

"பாத்து செய்யணும்மா," என்றார் அவர். நான் செருப்புக்குள் காலை விடும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டார்.