கையை விட்ட சங்கிலி

"…அதனாலதான் சொல்லுதேன், இந்தக் கையை நம்பி இனிமே அத வெளிய அனுப்ப மாட்டேன்" என்றபடி என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். பேச்சின் முன்பாதி மிக்ஸி சத்தத்தில் போய்விட்டது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் பார்த்தது என் வலது கையை. நாய் கதவோரம் படுத்திருந்தது. மூன்று நாளாக அது வாசலைத் தாண்டவில்லை. நானும்தான்.

அந்தக் கை என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தாறு வருடம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தேன். கடைசிப் பதினைந்து வருடம் போர்மேன். பள்ளிக்கூடம் ஆறாவதோடு சரி. மற்றதெல்லாம் பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஆட்கள் பேசக் கேட்டுப் படித்தது. யாராவது ருசியாக ஒன்று சொல்லிவிட்டால் வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் முதுகில் எழுதி வைப்பேன். அச்சகம் நிறைந்த எங்கள் பக்கத்தில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் காலண்டர் தாளுக்கு வராது.

கம்பெனியில் நான் ஆட்களுக்குச் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, இரும்பு உள்ளே வரக்கூடாது. சேலையில் குத்திய ஊக்கு, இடுப்பில் செருகிய சாவி, எதுவாக இருந்தாலும் கேட்டிலேயே கழற்றி வைக்க வேண்டும். இரும்பு கல்லில் உரசினால் பொறி வரும். வெடிமருந்துக்கு ஒரு பொறி போதும். இரண்டாவது, சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பது அதற்குத்தான். 'இதை மூடி வச்சுட்டு வாரேன்' என்று ஒரு நிமிடம் நின்றவர்களை எனக்குத் தெரியும். அதனால் புது ஆள் வந்தால் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "தங்கக்கட்டியா இருந்தாலும் போட்டுட்டு ஓடு." அது என் சொந்தச் சரக்கு இல்லை. நான் வேலையில் சேர்ந்த அன்று என் மனைவி வாசலில் நின்று சொன்னது.

ரிட்டையர் ஆன பிறகு திருத்தங்கலில் எனக்குத் தெரிந்த ஒரு அச்சகத்துக்குப் போய் உட்காருவது வழக்கமாகிவிட்டது. அங்கே ஒரு ராஜபாளையம் பெட்டை குட்டி போட்டிருந்தது. கழிவுத்தாள் கட்டுகளுக்கு நடுவில் நாலு குட்டிகள். மூன்று நல்ல வெள்ளை. ஒன்றுக்கு மட்டும் முதுகில் காப்பி கொட்டியது போலத் திட்டு, ஒரு காது நிமிர்ந்தும் ஒன்று மடங்கியும் இருந்தது. மெஷின்காரர் சொன்னார்: "தாய் ராஜபாளையம், அப்பன் திருத்தங்கல் பஸ் ஸ்டாண்டு. மத்தத எல்லாம் வேணும்னு சொல்லி வச்சுட்டாக. இத எவன் கேப்பான்?"

அன்று சாயங்காலமே அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதுவரை நாய் என்றால் தெருவில் எதிர்ப்பக்கமாக நடக்கிற ஆள் நான்.

"பேரு கீரு வச்சுராதீக. பேரு வச்சா பெறகு குடுத்துவிட மனசு வராது" என்றாள் மனைவி. அதனால் பேர் வைக்கவில்லை. "ஏலே" என்றே கூப்பிட்டோம், வந்தது. மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டு அட்டை தந்தபோது இனம் என்ற இடத்தில் 'கலப்பு' என்று எழுதினார்கள். பேர் என்ற இடத்தில் கோடு போட்டார்கள்.

ஒரு வருடத்தில் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, அதற்கும் எனக்கும் வியாதி ஒன்றேதான். எங்கள் ஊரில் வெடிச்சத்தத்துக்குத் தீபாவளி வர வேண்டாம். ஆர்டருக்கு முன்னால் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள், சாயங்காலம் எந்தத் திசையிலிருந்து வேண்டுமானாலும் வரும். முதல் வெடிக்கே அது குளியலறையில் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் போய்விடும். பல் தாளம் போடும். தொட்டால் தோல் தனியாக நடுங்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து "சாம்பிள்தாம்லே, சாம்பிள்தான்" என்று சொல்வேன். அதற்குச் சொல்கிறேனா எனக்குச் சொல்கிறேனா என்று என் மனைவி ஒரு தடவை கேட்டாள். சாம்பிள் என்றால் விட்டுவிட்டு வரும். ஒரே ஒரு சத்தம், பிறகு அமைதி என்றால் அது சாம்பிள் இல்லை, எங்கேயோ விபத்து. எங்கள் தெருவில் எல்லோரும் அந்த இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். அது வந்த பிறகுதான் மூச்சு விடுவார்கள்.

கயிறு போட்டால் கடித்துவிடுகிறது என்று சாத்தூர் போனபோது ஒரு இரும்புச் சங்கிலி வாங்கி வந்தேன். முப்பத்தாறு வருடம் இரும்பைக் கழற்றிய கைதான் அதை வாங்கியது. வீட்டு நாய்க்குத்தானே என்று நினைத்தேன்.

நாங்கள் நடக்கப் போகிற பாதை கம்பெனி வேலியை ஒட்டிப் போகும். நான் வேலை பார்த்த அதே கம்பெனிதான். பாதையின் ஒரு பக்கம் சீமைக்கருவேல முள், மறுபக்கம் மெயின் ரோடு, ரோட்டோரம் ஒரு டயர்க் கடை. மூன்று நாளைக்கு முன்னால், சாயங்காலம் நாலு மணி இருக்கும். வெயில் இன்னும் இறங்கவில்லை.

சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஒரே சத்தம். இரண்டாவது வரவில்லை.

பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியவில்லை. என் கால் செய்தது. கை திறந்தது, சங்கிலி தரையில் விழுந்த சத்தம் காதில் விழுந்தது, நான் ஓடிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு வயதில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். ரோட்டைத் தாண்டிய பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி! அண்ணாச்சி! டயருதான்! லாரி டயரு! எங்கன ஓடுதீக?"

நின்றேன். கையைப் பார்த்தேன். காலி.

"நாய் எங்கப்பா?"

டயர்க் கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு வேலிப் பக்கம் கையைக் காட்டினார். முள்ளுக்கு அடியில் தண்ணீர் போகிற பள்ளம். அதன் வழியே உள்ளே போயிருக்கிறது, சங்கிலியை இழுத்துக்கொண்டு.

நாலு மணி என்றால் மருந்து இன்னும் வெயிலில்தான் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் மேடைகள், மேடை மேல் காயவைத்த திரி. அதைச் சுற்றிக் கருங்கல் பாவிய தரை. அந்தத் தரையில் என் வீட்டு இரும்பு உரசிக்கொண்டு போகிறது. உள்ளே நூறு பேராவது இருப்பார்கள்.

கேட்டுக்குப் போனேன். ஓடவில்லை. கேட்டை நோக்கி எவனாவது ஓடி வந்தால் உள்ளே இருக்கிறவர்கள் ஓடுவார்கள், ஓடினால் எதையாவது தட்டிவிடுவார்கள். நடந்தேன். அந்த இருநூறு அடியும் அடுத்த சத்தம் இப்போது, இப்போது என்று காது காத்துக்கொண்டே இருந்தது.

வாட்ச்மேன் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். "வாங்க அண்ணாச்சி, சுகமா இருக்கீகளா?" என்றார்.

"என் நாய் உள்ள போயிருச்சு. களுத்துல இரும்புச் சங்கிலி."

அவர் முகம் மாறியது. உள்ளே போய் ரூம் ரூமாகக் கையை மட்டும் அசைத்தார். ஆட்கள் எழுந்து, வேலையை அப்படியே விட்டுவிட்டு, வரிசையாக நடந்து வெளியே வந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் வருவதற்கு அவர்களைப் பழக்கியதே நான்தான்.

செருப்பைக் கழற்றினேன். போனைக் கேட்டில் வைத்தேன். உடம்பு மின்சாரம் இறங்குவதற்காகக் கேட்டுக்கு உட்புறம் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன்.

"ஏலே" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். ஆளில்லாத இடத்தில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. மூன்றாவது மேடையைத் தாண்டும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கிணுங். இரும்பு கல்லைத் தொடுகிற சத்தம்.

தீயணைக்க வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாய் இருந்தது. வீட்டில் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிவது போலவே. அது நடுங்க நடுங்கச் சங்கிலியும் தரையில் நடுங்கியது. மேடை பத்தடி தூரம். காய்ந்த திரி கறுப்பாகப் பரப்பிக் கிடந்தது.

துண்டைத் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட அந்தச் சங்கிலி மேல் போட்டேன். வளையம் வளையமாகச் சேர்த்து ஈரத்துணியில் சுருட்டினேன். நாய் உறுமியது. அதன் பல் என் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சிறு வயதிலிருந்து நான் பயந்த விஷயம் அதுதான், அன்று அதற்குப் பயப்பட நேரமில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். இருபது கிலோவுக்குக் குறையாது. என் சட்டை மேலேயே மூத்திரம் பெய்தது. கேட் வரைக்கும் கீழே இறக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் என் கையிடம் சொல்லிக்கொண்டே வந்தேன், விட்டுராதே, விட்டுராதே என்று.

வெளியே நின்ற பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒரு அம்மா, பட்டாசுச் சரம் பின்னுகிற ஷெட்டில் பழைய ஆள், ஆரம்பித்தாள்:

"ஒரு ஊக்குக்காக என்னய அரை நாளு வெளிய நிறுத்துன போர்மேன்தானே இவுக? இவுக வீட்டு நாய்க்கு மட்டும் சங்கிலியோட வேலை உண்டாக்கும்!"

"நாய்க்கு எந்த ரூம்ல வேலை அண்ணாச்சி?" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன், நாயைக் கையில் வைத்துக்கொண்டு கும்பிட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலியைச் சொன்னதற்கு அவள் திட்டினாள். கையை விட்டதைச் சொன்னபோது திட்டவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் நான் அதை வெளியே கூட்டிப்போகவில்லை. கொல்லைப்புறத்தில் சுற்றவிட்டேன். பயம் டயர் மேல் இல்லை, கம்பெனி மேலும் இல்லை. என் கை மேல்தான். அடுத்த சத்தத்துக்கும் அது திறக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்கு நாய் என்றும் தெரியாது, பேரன் என்றும் தெரியாது. அந்த நினைப்பில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாய் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து கதவைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

அந்த மூன்று நாளும் மத்தியானத்தில் மனைவி கால் பெருவிரலில் நூலை மாட்டிக்கொண்டு எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். அவளும் கல்யாணத்துக்குப் பிறகு இருபது வருடம் சரம் பின்னியவள். பழைய சேலைக்கரையும் பருத்தி நூலும் சேர்த்து, விரல் கனத்துக்கு ஒரு கயிறு. நாய் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

இந்தக் கையை நம்பி அனுப்ப மாட்டேன் என்று அவள் சொன்னது கயிறு பின்னி முடிந்த மூன்றாம் நாள்.

"நானும் நம்பல" என்றேன். "நீயே கூட்டிட்டுப் போ."

"எனக்கு முட்டி வலி. அது இளுத்தா விளுந்துருவேன்."

"அப்ப வேண்டாம். வீட்லயே கெடக்கட்டும்."

"போட்டுட்டு ஓடியாங்கன்னு சொன்னவ நாந்தான். நாப்பது வருசமா அதுதான் உங்களக் காப்பாத்துச்சு. அதை இனி மாத்த முடியாது." அவள் கயிற்றின் ஒரு முனையை நாயின் கழுத்துப் பட்டையில் கட்டினாள். "ஓடுங்க. யாரு வேண்டாம்னா?"

"நெசமாவே ஒண்ணு வெடிச்சா?"

அவள் என் வலது கையைப் பிடித்து இழுத்து, கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். சரத்தின் கடைசியில் போடுகிற முடிச்சைப் போட்டாள். எத்தனை ஊர் லாரியில் குலுங்கிப் போனாலும் அவிழாத முடிச்சு அது. பல்லால் கடித்து இறுக்கினாள், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், பிறகு போய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.