ஏழாம் லேன்

பட்டம்மாள் பொறாமைக்காரி என்று நான் எழுதினால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளே அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். பதினாறு வயதில் நாற்று நடப் போனவள். வயல்கள் பிளாட்டான பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போகும் சாலையில் உள்ள டோல்கேட்டில் பதினெட்டு வருஷமாகக் கொய்யாவும் வெள்ளரியும் விற்கிறாள். கேட்டைத் தாண்டியதும் எங்கள் கம்பெனி பஸ் ஆள் ஏற்ற இரண்டு நிமிஷம் நிற்கும். அந்த இரண்டு நிமிஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதுதான் இந்தக் கதை.

அவளுடைய பொறாமை மொத்தமும் ஒரே ஆள் மேல். ஓரகத்தி கிருஷ்ணவேணி. கொழுந்தனுக்கு வேலை போனபோது, குடும்பம் கெஞ்சியதால், அவளை டோல்கேட்டுக்குக் கூட்டிவந்ததே பட்டம்மாள்தான். அப்போதெல்லாம் வண்டிகள் நின்று, காசு கொடுத்து, சில்லறை வாங்கித்தான் போகும். நிற்கிற வண்டியில்தானே வியாபாரம்? ஏழாம் லேனில் மட்டும் புதிதாக ஃபாஸ்டேக் ஸ்கேனர் மாட்டியிருந்தார்கள். அங்கே வண்டி நிற்காது, வெள்ளரி விற்காது. பார்த்து அந்த லேனைத்தான் ஓரகத்திக்குக் கொடுத்தாள்.

"கூட்டமில்லாத எடமா குடுக்கறேன் வேணி. நிம்மதியா வித்துக்கோ."

"நீ மட்டும் இல்லன்னா நாங்க என்னாக்கா பண்ணியிருப்போம்," என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லா வண்டிக்கும் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. எல்லா லேனிலும் புது ஸ்கேனர் வந்தது, ஏழாம் லேனைத் தவிர. அங்கே முதலில் மாட்டிய பழசே இருந்தது; நாளாக ஆக அது மந்தமாகிவிட்டது. பட்டம்மாளின் இரண்டாம் லேனில் வண்டிகள் பறந்தன. ஏழாம் லேனில் டிரைவர் முன்னே போவார், பின்னே வருவார், கடைசியில் ஊழியர் கமல் கை மிஷினோடு ஓடிவருவார். அதற்குள் கிருஷ்ணவேணி இரண்டு பை கொய்யாவை ஜன்னல் வழியாகக் கொடுத்திருப்பாள். மதியத்துக்குள் அவள் கூடை காலி. பட்டம்மாளின் வெள்ளரி வாடி வதங்கி வீட்டுக்குத் திரும்பி, ராத்திரி கூட்டாகும்.

"நான் வேணாம்னு தள்ளுன லேனுப்பா. அதுல அவ ஜிமிக்கி வாங்கிட்டா," என்று என்னிடம் பொருமினாள். "அவ தலைய ஆட்டி ஆட்டிப் பேசறப்ப எனக்கு வயிறு எரியுது."

எரிச்சல் சும்மா இருக்க விடுமா? ஒருநாள் ஏழாம் லேனில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்த கார்க்காரரிடம் ஓடினாள். "சும்மா கத்தினா ஆவாது சார். ஆபீஸ்ல எழுதிக் குடு. ஏழாம் நம்பர்னு மறக்காம எழுது." ஒரு மாதமாகியும் எதுவும் நடக்கவில்லை. அவளும் அதை மறந்துவிட்டாள்.

கூடைக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்று நாள் கூடை வராத லேன் பொதுவாகிவிடும். நாலாம் நாள் காலையில் முதல் கூடையை யார் வைக்கிறார்களோ, அவர்களுக்கு அது சொந்தம். கிருஷ்ணவேணி காய்ச்சலில் படுத்தாள். மூட்டு மூட்டாக வலி, மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து லேனில் சுண்டல் விற்கும் மரியம்மாளின் கண் ஏழாம் லேனிலேயே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கிருஷ்ணவேணியின் மகள் பிரவீனா, அம்மாவின் கூடையோடு பட்டம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

"பெரிம்மா, நாளைக்கு விடியக்காலம் இத ஏழுல வச்சிடறியா? காலிக் கூடைன்னாலும் பரவால்லயாம். லேன் போவாதாம்."

"வச்சிடறேன், போ."

மறுநாள் விடிந்தபோது ஏழாம் லேனில் ஒரு கூடை இருந்தது. அது பட்டம்மாளுடையது. கிருஷ்ணவேணியின் கூடை பட்டம்மாள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அன்று கொய்யா மொத்தமும் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டதாம். சாயங்காலம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அத்தனை பற்கள் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்கடுத்த நாள் ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள். பழைய ஸ்கேனரைக் கழற்றிப் புதிதை மாட்டினார்கள்.

"யாரோ போன மாசம் எழுதிப் போட்டாங்களாம்மா," என்றார் கமல். "ஏழாம் நம்பர்னு குறிப்பா எழுதியிருக்காங்க."

மதியத்திலிருந்து ஏழாம் லேனிலும் வண்டிகள் பறந்தன. பட்டம்மாள் நிறைந்த கூடையோடு நின்றாள்.

மறுநாள் காலை கிருஷ்ணவேணி காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தாள். பட்டம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள். வந்தவளோ நேராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே வந்து நின்னியாமேக்கா. மரியம்மா புடிச்சிக்குவான்னு பயந்துக்கினே படுத்துக்கினு இருந்தேன். காலிக் கூடையா இருந்தா தூக்கிக் கடாசியிருப்பா. உன் லேன வுட்டுட்டு எனக்காக நின்ன பாரு."

பட்டம்மாள் செருகிய முந்தானையை இழுத்துவிட்டாள். "லேனே போச்சே, பாக்கலையா? புது மிஷின் மாட்டிட்டாங்க."

"போனா போவுது வுடு. எந்த வயித்தெரிச்சல் புடிச்சது எழுதிக் குடுத்துச்சோ, அது வெளங்காது." கிருஷ்ணவேணி தலையை ஆட்டிச் சொன்னாள், ஜிமிக்கி ஆடியது. "என் கூடை எங்கக்கா?"

"வூட்ல இருக்குது. பத்திரமா வச்சிருக்கேன்."

"உன்கிட்ட இருந்தா எனக்கென்னா கவலை," என்று அவள் பாட்டுக்கு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

இதைச் சொன்ன அன்று பட்டம்மாள் என்னிடம் காசு வாங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கொய்யாவைக் கொடுத்தபடி பேசினாள். "அவ திட்டியிருந்தா நானும் நாலு திட்டு திட்டி ஆத்திக்கினு இருப்பேன்பா. அவ என்னை நம்புறா. அவ எடத்துல நான் இருந்தா, பாத்த ஒடனே கண்டுபுடிச்சி அந்தக் கூடைய எடுத்து மண்டையில போட்டிருப்பேன்."

பஸ் நகர்ந்தது. அவள் கூடவே நாலடி நடந்து வந்தாள்.

"ராத்திரி அவ எப்டித் தூங்குறா தெரியுமா? இப்ப அதுக்கும் பொறாமையா இருக்குதுப்பா."